திருடன் கையில் சிக்கிய முதல் கதை

1833ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். லண்டனில் 21 வயது இளைஞர் ஒருவர் கடைக்குள் நுழைந்து ‘மந்த்லி மேகசின்’ என்ற மாத இதழைக் காசு கொடுத்து வாங்குகிறார். பக்கங்களைப் புரட்டுகிறார். சில நாள்களுக்கு முன் அந்த இதழின் தபால் பெட்டியில் யாரும் பார்க்காத அந்தி நேரத்தில் தாம் போட்டுவிட்டு வந்த கதை, அச்சில் இருக்கிறது. மகிழ்ச்சியிலும் பெருமையிலும் கண்கள் கலங்கிவிட்டன. அந்தக் கண்களோடு தெருவில் நடக்க முடியாமல், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

அந்த இளைஞர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். நாடாளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. கதை எழுதுவது ஓய்வு நேரத்து ஆசை. அந்த முதல் கதைக்கு இதழ் அவருக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. கொடுக்கும் நிலையிலும் அது இல்லை. கதையின் மேல் அவர் பெயரும் இல்லை.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. கதை வெளிவந்த சில நாள்களிலேயே, அதை இன்னொரு வார இதழ் யாரையும் கேட்காமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது. அந்த வார இதழ் அதற்கு முன்பு எந்தப் பெயரில் வந்துகொண்டிருந்தது தெரியுமா? ‘தி தீஃப்’. அதாவது ‘திருடன்’! பிறர் இதழ்களில் வருவதை எடுத்துப் போடுவதே தொழில் என்பதை ஒளிக்காமல் தலைப்பிலேயே சொல்லிக்கொண்ட பத்திரிகை. இன்றைக்கு வலைப்பூக்களிலும் இணையத்தளங்களிலும் பிறர் கட்டுரையை அள்ளிப் போட்டுக்கொள்பவர்களிடம் அந்த நேர்மைகூட இல்லை.

சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை, ஆனாலும் களவு போயிற்று. உலகப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. அடுத்த 35 ஆண்டுகளும் அவர் இந்தக் களவோடு மல்லுக்கட்டினார். வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதிப் பிழைக்கும் இன்றைய பகுதி நேர எழுத்தாளர்களுக்கு அந்தக் கதை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை பிடிப்பவன்

எழுத்தைத் திருடுவது அச்சு இயந்திரத்தோடு வந்த பழக்கம் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த மார்ஷல் என்ற கவிஞர், தம் கவிதைகளை இன்னொருவர் தமது என்று சபையில் படித்துக் காட்டுவதைக் கண்டு கொதித்தார். அந்த ஆளைக் குறிக்க அவர் பயன்படுத்திய லத்தீன் சொல்லுக்கு அன்றைய பொருள், பிறருடைய அடிமையையோ பிள்ளையையோ கடத்திக்கொண்டு போகிறவன் என்பது. எழுத்துத் திருட்டுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் அதிலிருந்து பிறந்ததுதான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பிள்ளை பிடிப்பவன். எழுதியவனைக் கேட்டால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்பான்.

ஆனால் மார்ஷலுக்குச் சட்டம் எதுவும் துணைக்கு வரவில்லை. கிண்டல் செய்து நான்கு வரி எழுதத்தான் முடிந்தது. சட்டம் வருவதற்கு மேலும் பதினாறு நூற்றாண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில் கொண்டுவந்த சட்டம் 1710 ஏப்ரல் 10ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நூலின் உரிமை அச்சடிப்பவருக்கு அல்ல, எழுதியவருக்கே முதலில் சேரும் என்று சொன்ன முதல் சட்டம் அது. புதிய நூலுக்கு 14 ஆண்டு. அது முடியும்போது எழுதியவர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 ஆண்டு.

சட்டம் வந்தது சரி. ஆனால் அதில் ஓட்டைகள் இருந்தன. அவற்றில் இரண்டு டிக்கன்ஸை வாட்டி எடுத்தன. ஒன்று, பிறர் நூலைச் சுருக்கி எழுதினால் அது புது நூல் என்று 1740களின் தொடக்கத்தில் ஒரு வழக்கில் நீதிமன்றம் கூறிவிட்டது. உண்மையான உழைப்போடு செய்த சுருக்கம் குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரண்டாவது, ஒரு நாட்டின் சட்டம் அந்த நாட்டின் கரையோடு நின்றுவிடும். கடல் தாண்டினால் எழுத்து அனாதை.

‘போஸ்’ என்ற போலி

1836ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதம் ஒரு பகுதியாக, பகுதி ஒரு ஷில்லிங் விலையில் வரத் தொடங்கியது. முதலில் சில நூறு பிரதிகள்தான் போயின. கதை முடியும் நேரத்தில், 1837ஆம் ஆண்டு இறுதியில், மாதம் சுமார் 40,000 பிரதிகள் விற்றன. டிக்கன்ஸ் அப்போது ‘பாஸ்’ என்ற புனைபெயரில் எழுதினார்.

தேன் உள்ள இடத்துக்கு ஈ வராமல் இருக்குமா? எட்வர்ட் லாய்ட் என்ற பதிப்பாளர் ‘பென்னி பிக்விக்’ என்று ஒன்றை வெளியிட்டார். விலை ஒரு பென்னி. அதாவது அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எழுதியவர் பெயர் ‘போஸ்’! இதைத் தொடர்ந்து ‘ஆலிவர் ட்விஸ்ட்’ வந்தபோது ‘ஆலிவர் ட்விஸ்’ வந்தது. ‘நிக்கலஸ் நிக்கல்பி’க்கு ‘நிக்கலஸ் நிக்கல்பெரி’ வந்தது. நம் ஊர்ச் சந்தையில் புகழ்பெற்ற சோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அதே நிற உறையில் விற்பார்களே, அதே வித்தை. டிக்கன்ஸின் பதிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். தடையுத்தரவு கிடைக்கவில்லை.

இந்த லாய்ட் பின்னாளில் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பத்திரிகை அதிபர் ஆனார். 1842இல் அவர் தொடங்கிய ஞாயிறு பத்திரிகை, அவர் மறைவுக்குப் பின் 1896இல் பத்து லட்சம் பிரதிகள் விற்று பிரிட்டனில் சாதனை படைத்தது. போலியில் தொடங்கிய தொழில் எல்லாம் அழிந்துபோகும் என்று நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ள வரலாறு இடம் தரவில்லை.

நாடகக்காரர்கள் இன்னொரு பக்கம். நாவலை மேடையில் ஏற்ற நாவலாசிரியரின் அனுமதி தேவையில்லை என்பது அன்றைய நிலை. ‘நிக்கலஸ் நிக்கல்பி’ 20 பகுதிகளாக வெளிவர வேண்டிய கதை. பாதிகூட வராத நிலையில், 1838 நவம்பரில், லண்டனில் ஒரு நாடகக் குழு அதற்கு முடிவையும் தானே கற்பனை செய்து அரங்கேற்றிவிட்டது. கதையை எழுதிக்கொண்டிருப்பவருக்கே முடிவு தெரியாத நேரம் அது!

அதே காலத்தில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாடகமாக நடந்தபோது டிக்கன்ஸ் பார்க்கப் போனார். முதல் காட்சி பாதி நடப்பதற்குள் அவரால் தாங்க முடியவில்லை. இருக்கையிலிருந்து இறங்கி, தாம் அமர்ந்திருந்த தனி மாடத்தின் மூலையில் தரையில் படுத்துவிட்டார். திரை விழும் வரை எழுந்திருக்கவே இல்லை. கூடவே இருந்த நண்பரும் பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான ஜான் ஃபோர்ஸ்டர் பதிவுசெய்த செய்தி இது. தம் பிள்ளைக்கு வேறு யாரோ கந்தல் சட்டை மாட்டி ஆட வைப்பதைப் பார்க்கும் தகப்பனுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்?

கோபத்தை அவர் எழுத்தில் தீர்த்துக்கொண்டார். அந்தப் போலிக்காரர்களைப் பிடித்து உயரமான தூக்குமரத்தில் தொங்கவிடப் போவதாக, ராஜாங்க அறிவிப்புப் போலவே கேலியாக ஒரு பிரகடனம் வெளியிட்டார். பிறகு அதே ‘நிக்கல்பி’ நாவலுக்குள்ளேயே, பிறர் நாவல்களை எழுதி முடிப்பதற்கு முன்பே நாடகமாக்கும் ஒரு ‘இலக்கியக் கனவான்’ பாத்திரத்தைப் படைத்துச் சாத்தினார். ஊர் சிரித்தது. திருடியவர்கள் திருடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

கடலுக்கு அப்பால்

1842 ஜனவரி 22ஆம் தேதி டிக்கன்ஸ் மனைவியோடு கப்பலில் பாஸ்டன் நகரில் வந்து இறங்கினார். வயது 30கூட ஆகவில்லை. அமெரிக்கா அவரை அரசர் போல வரவேற்றது. போகும் இடமெல்லாம் கூட்டம், விருந்து, நாட்டியம். அமெரிக்காவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் அவரைப் படிக்காதவர்கள் குறைவு. ஆனால் அங்கே விற்ற பிரதிகளுக்குச் சட்டப்படி அவருக்கு ஒரு காசு உரிமை கிடையாது.

காரணம், 1790ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் மட்டுமே அது பாதுகாப்புக் கொடுத்தது. அதோடு நில்லாமல், வெளிநாட்டார் எழுதிய நூல்களை இறக்குமதி செய்யவும் மறுபடி அச்சிடவும் விற்கவும் தடை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது. ஆகவே அமெரிக்கப் பதிப்பாளர்கள் செய்தது சட்டப்படி திருட்டே அல்ல! சட்டம் எதைத் திருட்டு என்கிறது, மனசாட்சி எதைத் திருட்டு என்கிறது என்ற இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பத்திரிகைத் தொழிலின் நடைமுறையும் அதற்கு ஏற்றாற்போல் இருந்தது. 1792ஆம் ஆண்டின் தபால் சட்டப்படி ஒரு பத்திரிகை ஆசிரியர் இன்னொரு பத்திரிகை ஆசிரியருக்குத் தம் இதழை இலவசமாக அனுப்பிக்கொள்ளலாம். எதற்காக? வெட்டி ஒட்டிப் போட்டுக்கொள்வதற்காகத்தான். பல ஊர்ப் பத்திரிகைகளுக்குப் பேனாவைவிடக் கத்தரிக்கோல்தான் முக்கியமான கருவி. 1830களின் இறுதியில் நியூயார்க்கில் ‘பிரதர் ஜோனதன்’, ‘நியூ வேர்ல்ட்’ என்று படுக்கை விரிப்பு அகலத்துக்கு வார இதழ்கள் கிளம்பின. முழு ஆங்கில நாவலையே பத்திரிகைத் தாளில் அடித்தார்கள். புத்தகம் என்று சொன்னால் தபால் கட்டணம் கூடும். பத்திரிகை என்று சொன்னால் குறையும். அந்தச் சலுகைக்குள் நாவலை ஏற்றி நாடெங்கும் அனுப்பினார்கள்.

பாஸ்டனில் பிப்ரவரி 1ஆம் தேதி நடந்த விருந்தில் டிக்கன்ஸ் இந்த விஷயத்தைத் தொட்டார். சில நாள்களில் ஹார்ட்ஃபர்ட் நகர விருந்தில் இன்னும் விளக்கமாகப் பேசினார். கடன் சுமையோடு 1832இல் மறைந்த சர் வால்டர் ஸ்காட்டை நினைவுகூர்ந்தார். அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் ஸ்காட்டைப் படித்து மகிழ்ந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கும் சட்டம் இருந்திருந்தால் அந்த மனிதர் அப்படி நொந்து போயிருக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

அவ்வளவுதான். வரவேற்ற பத்திரிகைகளே திரும்பிப் பாய்ந்தன. விருந்து சாப்பிட வந்தவர் பில் நீட்டுகிறார் என்பதுபோல எழுதின. பணத்தாசை பிடித்தவர், அற்பர் என்ற வசவுகள் பறந்தன. அந்தப் பத்திரிகைகளில் பலவும் ஓசி எழுத்தில் பக்கத்தை நிரப்பியவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கோபத்தின் காரணம் புரியும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? கொஞ்சம் இருந்தது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முடங்கிப் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டு, அதன் வாட்டம் இன்னும் தீரவில்லை. மலிவான தாளில் நாவல் கிடைத்ததால் பண்ணை வீட்டுப் பெண்ணும் பட்டறைத் தொழிலாளியும் படித்தார்கள். அறிவு ஒருவருக்குச் சொந்தமானதா, ஏழை படிக்க வேண்டாமா என்று கேட்டவர்கள் எல்லாரும் கள்ளர்கள் அல்லர். ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஆள் விடுபட்டுப் போனார். அவர் அமெரிக்க எழுத்தாளர். இங்கிலாந்துச் சரக்கு இலவசமாகக் கிடைக்கும்போது உள்ளூர் எழுத்தாளருக்கு எந்தப் பதிப்பாளர் பணம் கொடுப்பார்? அதனால்தான் வாஷிங்டன் இர்விங் தலைமையில் அமெரிக்க எழுத்தாளர்களே கையெழுத்திட்ட ஒரு மனு டிக்கன்ஸ் மூலமாக செனட்டர் ஹென்றி கிளேயிடம் போயிற்று. கிளே 1837இலேயே பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் மனுவை செனட் சபையில் வைத்தவர். இந்த முறையும் பயன் இல்லை.

ஊர் திரும்பிய டிக்கன்ஸ், அந்தப் பயணத்தைப் பற்றி ‘அமெரிக்கன் நோட்ஸ்’ என்ற நூலை அக்டோபரில் வெளியிட்டார். அமெரிக்காவைக் கடுமையாகக் குறை சொன்ன நூல். நவம்பர் மாதம் முதல் பிரதி கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்த ஒரு நாளுக்குள் அது அங்கே மறு அச்சாகித் தெருவில் விலைக்கு வந்துவிட்டது. எழுத்துத் திருட்டைக் கண்டித்தவரின் நூலே முதலில் களவு போனது. வைத ஆளின் வசவையும் விற்றுக் காசாக்கினார்கள்.

இரண்டு பென்ஸ் பேய்க்கதை

எல்லாவற்றையும்விட வேதனையான அத்தியாயம் அவருடைய சொந்த ஊரிலேயே, அவருடைய மிகப் பிரபலமான கதைக்கு நடந்தது.

1843 டிசம்பர் 19ஆம் தேதி ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ வெளிவந்தது. கஞ்சன் ஸ்க்ரூஜின் கதை. அச்சுச் செலவு முழுக்க டிக்கன்ஸுடையது. தங்க நிற விளிம்பு, கையால் வண்ணம் தீட்டிய நான்கு படங்கள் என்று ஆசை ஆசையாகச் செய்தார். விலை 5 ஷில்லிங். கிறிஸ்துமஸுக்கு முன்பே 6,000 பிரதிகளும் தீர்ந்தன. ஆயிரம் பவுண்டு வரும் என்று எதிர்பார்த்தார். கணக்குப் பார்த்தால் முதல் 6,000 பிரதிகளுக்கு 230 பவுண்டுதான் மிச்சம். வீட்டில் மனைவி நிறைமாதம்; பிறக்கப் போவது ஐந்தாவது பிள்ளை.

அந்த நேரத்தில், 1844 ஜனவரி 6ஆம் தேதி, ‘பார்லிஸ் இல்யூமினேட்டட் லைப்ரரி’ என்ற மலிவு வார இதழில் ‘ஒரு கிறிஸ்துமஸ் பேய்க்கதை’ வெளிவந்தது. விலை 2 பென்ஸ். அசலின் விலையில் முப்பதில் ஒரு பங்கு! ஸ்க்ரூஜ் கதை அப்படியே இருந்தது. பதிப்பாளர்கள் லீ, ஹாடக் என்ற இருவர். எழுதியவர் ஹென்றி ஹூவிட். சார்ல்ஸ் டிக்கன்ஸின் மூலத்திலிருந்து மறுபடைப்புச் செய்து, ஆய்ந்து சுருக்கியது என்று தலைப்பிலேயே பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். சுருக்கினால் புது நூல் என்ற அந்தப் பழைய தீர்ப்புதான் அவர்கள் கையில் இருந்த கேடயம்.

தமிழில் இந்தச் சுருக்கும் கலைக்கு மரியாதையான இடம் உண்டு. முதல் நூல், வழி நூல் என்று பிரித்த தொல்காப்பியம், வழி நூல் செய்யும் முறைகளில் ஒன்றாகத் தொகுத்தலைச் சொல்கிறது. விரித்தலையும் மொழிபெயர்த்தலையும் கூடச் சேர்த்தே சொல்கிறது. ஆனால் வழி நூல் என்ற பெயரே, இதற்கு முன் ஒரு முதல் நூல் இருக்கிறது என்று தலைகுனிந்து ஒப்புக்கொள்ளும் பெயர். முதல் நூல் சுடச்சுட விற்றுக்கொண்டிருக்கும்போது, பதினெட்டே நாளில் அதன் வயிற்றில் அடிப்பதற்குச் சொன்ன இலக்கணம் அல்ல அது.

டிக்கன்ஸ் உடனே நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் அவருடைய நண்பர் தாமஸ் நூன் டால்ஃபோர்ட். எழுத்தாளர் உரிமைக்காக நாடாளுமன்றத்தில் 1837 முதல் மசோதா கொண்டுவந்து போராடியவர். ‘பிக்விக்’ நாவலே அவருக்குத்தான் காணிக்கை. ஒரு சில நாள்களில் இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய பதில் மனுவைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. டிக்கன்ஸின் கதையில் குறைகள் இருந்தன, நாங்கள் திருத்தினோம் என்றார்கள். அந்தக் கதையில் டைனி டிம் என்ற கால் ஊனமுற்ற சிறுவன், பனியில் வழி தவறிய ஒரு குழந்தையைப் பற்றிப் பாடுவதாக ஒரு வரி வரும். பாட்டை டிக்கன்ஸ் எழுதவில்லை. நாங்கள் 60 வரியில் பாட்டே எழுதிச் சேர்த்திருக்கிறோம், கதை எங்கள் கையில் சிறப்படைந்திருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் ஒன்று: டிக்கன்ஸே வாஷிங்டன் இர்விங்கிடமிருந்து எடுத்தவர்தானே என்றும் குற்றம் சாட்டினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைப் பற்றி இர்விங் முன்பே எழுதியிருந்தது உண்மை. டிக்கன்ஸ் அவரை விரும்பிப் படித்ததும் உண்மை. ஒருவரைப் படித்து வளர்வதற்கும், ஒருவர் பக்கத்தைப் பெயர்த்து எடுப்பதற்கும் உள்ள தூரத்தை வேண்டுமென்றே மறைக்கும் வாதம் அது. இன்றும் எழுத்துத் திருட்டில் பிடிபட்டவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான்: உலகத்தில் எது புதியது?

1844 ஜனவரி 18ஆம் தேதி வழக்கு நீதிபதி நைட் புரூஸ் முன்பு வந்தது. லீ, ஹாடக் தரப்பு வழக்கறிஞரின் பேச்சு எடுபடவே இல்லை. டால்ஃபோர்ட் வாயைத் திறக்க வேண்டிய தேவைகூட இல்லாமல் தீர்ப்பு டிக்கன்ஸ் பக்கம் சாய்ந்தது. பெயர்களையும் பாத்திரங்களையும் நிகழ்ச்சிகளையும் வரிசைப்படி எடுத்துக்கொண்டு ஆங்காங்கே சொல்லை மாற்றுவது சுருக்கம் ஆகாது என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. டிக்கன்ஸ் மகிழ்ச்சியில் குதித்து நண்பர் ஃபோர்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார்.

மகிழ்ச்சி அதோடு முடிந்தது. அவர் கேட்ட நஷ்ட ஈடு 1,000 பவுண்டு. லீயும் ஹாடக்கும் மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டார்கள். நொடித்துப் போனவர்களிடம் எதை வாங்குவது? வழக்குச் செலவைக்கூட அவர்களிடமிருந்து வசூலிக்க முடியவில்லை. மே மாதம் டிக்கன்ஸ் வழக்கைக் கைவிட்டார். அவர் கையிலிருந்து போன தொகை சுமார் 700 பவுண்டு. அந்த ஆண்டு முழுவதும் ‘கிறிஸ்மஸ் கேரல்’ 15,000 பிரதிகள் விற்று அவருக்குக் கிடைத்த லாபமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! கோர்ட்டுக்குப் போனால் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று கிராமத்தில் சொல்வார்களே, அந்தப் பழமொழியை லண்டனில் ஒருவர் 700 பவுண்டு கொடுத்துக் கற்றுக்கொண்டார்.

நாடகக்காரர்களும் அதே கதையை விடவில்லை. பிப்ரவரிக்குள் லண்டனில் எட்டு மேடைகளில் ஸ்க்ரூஜ் நடமாடினான்.

1846இல் மறுபடியும் ஒரு களவு நடந்தபோது, வழக்குப் போடலாமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்றார் டிக்கன்ஸ். சட்டத்திடம் போய் இன்னும் பெரிய கொடுமையை அனுபவிப்பதைவிட இந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. ஆனால் எதையும் வீணாக்காதவர் அவர். 1852-53இல் வந்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில், தலைமுறை தலைமுறையாக நடந்து, சொத்து முழுவதையும் செலவாகவே விழுங்கிவிடும் ஒரு வழக்கை மையமாக வைத்தார். அந்த நீதிமன்றத்தின் படிக்கட்டுகளை அவர் சொந்தக் காலால் ஏறி இறங்கியவர்.

இருபத்தொரு ஆண்டு தாமதம்

அமெரிக்காவில் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. சட்டத்தால் அல்ல, போட்டியால். எல்லாரும் இலவசமாக அடிக்க முடியும் என்றால், முதலில் அடிப்பவருக்குத்தானே லாபம்? ஆகவே ஹார்ப்பர் போன்ற பெரிய நிறுவனங்கள், லண்டனில் வெளிவரும் முன்பே அச்சுத்தாள்களைப் பெற டிக்கன்ஸுக்குப் பணம் கொடுத்தன. 1867இல் அவர் மீண்டும் அமெரிக்கா போனார். இந்த முறை பதிப்புரிமை பற்றி மேடையில் முழங்கவில்லை. தம் கதைகளைத் தாமே மேடையில் படித்தார், நுழைவுச்சீட்டு விற்றார். செலவு போக சுமார் 19,000 பவுண்டு கொண்டுவந்தார். எழுத்தை யாரும் திருடலாம். குரலை அன்று யாராலும் திருட முடியவில்லை. ஒலிப்பதிவு இன்னும் பிறக்கவில்லை.

1870 ஜூன் 9ஆம் தேதி அவர் மறைந்தார். நாடுகள் பரஸ்பரம் எழுத்தாளர் உரிமையை மதிக்கும் பெர்ன் ஒப்பந்தம் 1886இல் உருவானது. அமெரிக்கா அதில் சேரவில்லை. 1891 மார்ச்சில்தான் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு உரிமை தரும் சட்டத்தை அது நிறைவேற்றியது. அதிலும் ஒரு கொக்கி: நூலை அமெரிக்காவில் எழுத்துக் கோத்து அங்கேயே அச்சடித்தால்தான் உரிமை. எழுத்தாளரைக் காப்பாற்றிய சட்டம் அச்சகத் தொழிலாளியின் சோற்றையும் சேர்த்துக் காப்பாற்றியது. பெர்ன் ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேர்ந்தது 1989 மார்ச் 1ஆம் தேதி. பிறர் நாட்டில் நடக்கும் கள்ளப் பதிப்புகளைப் பற்றி ஊர் ஊராக வகுப்பெடுத்த நாடு, அந்த வகுப்பில் சேர நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அந்த வகுப்பு இந்த வட்டாரத்துக்கும் வந்தது. 1980களில் மலிவுக் கள்ள ஒலிநாடாக்களுக்குச் சிங்கப்பூர் பெயர்பெற்ற ஊராக இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை அங்கே 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமே நடப்பில் இருந்தது. புதிய பதிப்புரிமைச் சட்டம் 1987 ஏப்ரல் 10ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆன் அரசியாரின் சட்டம் நடப்புக்கு வந்த அதே தேதி. 277 ஆண்டு கழித்து. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பெர்ன் ஒப்பந்தத்தில் மலேசியா 1990இலும் சிங்கப்பூர் 1998இலும் சேர்ந்தன.

இந்தச் சட்டங்களில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உரிமை பெறப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. எழுதி முடித்த உடனே அது எழுதியவருடையது, வலைப்பூவில் போட்டாலும் சரி, நாளேட்டுக்கு அனுப்பினாலும் சரி. எழுத்துக்கு மலேசியாவில் எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும், சிங்கப்பூரில் 70 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் கருத்துக்கு உரிமை கிடையாது. சொன்ன வடிவத்துக்குத்தான் உரிமை. கஞ்சன் திருந்துகிற கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஸ்க்ரூஜின் பக்கங்களை 1844இல் எடுத்ததுதான் தவறு. இன்று அதையும் எடுக்கலாம், உரிமைக் காலம் முடிந்து வெகு காலம் ஆயிற்று.

இன்றைய களவு எப்படி நடக்கிறது? ஓர் இல்லத்தரசி ஊர் ஊராக விசாரித்துத் தோட்டப்புறச் சமையலைப் பற்றி வலைப்பூவில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் அது வேறு தளத்தில், வேறு பெயரில், அதே எழுத்துப்பிழைகளோடு வரும். பிறகு வாட்ஸ்அப்பில் பெயரே இல்லாமல் சுற்றும். கடைசியில் ஏதோ ஒரு மலரில் அச்சாகும், அடியில் ‘நன்றி: இணையம்’ என்ற இரண்டு சொற்களோடு. இணையம் எந்தக் காலத்தில் கட்டுரை எழுதியது? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதுபோல, யாரோ உழைத்ததற்கு யாருக்கோ நன்றி. லீயும் ஹாடக்கும்கூட டிக்கன்ஸின் பெயரைத் தலைப்பில் போட்டார்கள்.

ஒன்றில் மட்டும் நிலைமை மாறியிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, களவு போன பக்கத்தை வைத்திருக்கும் இணைய நிறுவனத்துக்கு எழுதியவர் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால், நிறுவனம் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பொறுப்பு அதன் தலையிலும் விழும். பெரிய வலைப்பூ நிறுவனங்கள் பல அமெரிக்காவில் இருப்பதால் ஈப்போவிலோ ஈசூனிலோ இருப்பவரும் அந்த அறிவிப்பை அனுப்பலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 700 பவுண்டும் தேவையில்லை. அச்சில் வந்துவிட்டதை அப்படி எடுக்க முடியாது.

பெயரைப் பொறுத்தவரை மலேசியச் சட்டம் கறாராக இருக்கிறது: எழுதியவர் பெயரை மறைப்பதும் வேறு பெயரில் வெளியிடுவதும் அவருடைய தார்மீக உரிமையை மீறுவதாகும். சிங்கப்பூரில் அதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறர் பெயரைப் பொய்யாகப் போடக் கூடாது என்று மட்டுமே பழைய சட்டம் சொன்னது. எழுதியவர் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதைச் சொல்லிவிட்டது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் யார் என்று தெளிவாகத் தெரியும்படி குறிப்பிட வேண்டும், இணையத்தில் போட்டாலும்.